எதிர்பார்ப்பு மதிப்பு

ஏப்ரல் 2, ஞாயிறு

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சுடரை வாங்கிக்கொண்டு வந்தேன். ‘வாங்கிக்கொண்டு’ என்று எழுதிய பிறகு பார்த்தால் ஏதோ சாமான் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அப்படித்தான் நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கொண்டுபோய் விடுவேன், ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா கொண்டுவந்து தருவார். கோர்ட் உத்தரவு. நான் பாளையங்கோட்டையில் காலேஜில் இயற்பியல் நடத்துகிறேன். அவர், சோலைராஜன், மதுரையில் மேல்நிலைப் பள்ளியில் அதே இயற்பியல் நடத்துகிறார். ஒரே பாடத்தைப் படித்து, ஒரே லேபில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

கைமாற்றுகிற இடம் கோவில்பட்டியாக இருக்கட்டும் என்று முதலில் நான்தான் சொன்னேன். அது உங்களுக்குப் பக்கம் என்றார். விருதுநகர் என்று அவர் சொன்னார். அது உங்களுக்குப் பக்கம் என்றேன். கடைசியில் அவர் மேப்பில் பார்த்து, நான் பஸ் டிக்கெட்டைக் கூட்டிக் கழித்து, இரண்டு பேருக்கும் சரிபாதியாகச் சாத்தூர் வந்தது. பைபாஸ் பஸ் ஊருக்குள் போகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

“சாப்பிட்டீங்களா” என்று கேட்டார். பத்து வருஷம் ‘உலகு, நீ’ என்று கூப்பிட்ட மனுஷன், விவாகரத்துப் பேப்பரில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ‘நீங்க’ என்கிறார். மரியாதை கொடுத்தே ஆளைக் கொல்லலாம் என்பதை இவரிடம்தான் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் சுடர், “இங்கிட்டு வெயில் அடிக்குதும்மா, அங்கிட்டு உக்காருவோம்” என்றாள். என்ன அங்கிட்டு இங்கிட்டு, அங்கன என்று சொல் என்றேன். மதுரையில் அவள் ‘சொல்லுதேன்’ என்றால் அவர் ‘சொல்றேன்’ என்று திருத்துகிறாராம். பிள்ளை அதன் பிறகு பாளை வரும்வரை வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் வந்தாள்.

ஏப்ரல் 15, சனி

சுடர் மதுரையில். இட்லி மாவு மீந்துவிட்டது.

ஏப்ரல் 19, புதன்

ஐந்தாம் வகுப்பு முடிகிறது. ஆறாம் வகுப்பை மதுரையில் படிக்கட்டும் என்று அவர் மனு போட்டிருக்கிறார். பாளையில்தான் படிக்க வேண்டும் என்று நான் பதில் மனு போட்டிருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து பிள்ளை யாரிடம் என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் வக்கீல் பேச்சு.

இன்று கவுன்சிலிங். கவுன்சிலர் அம்மா சுடரைத் தனியாக உட்காரவைத்து, யாரோடு இருக்கப் பிரியப்படுகிறாய் என்று கேட்டிருக்கிறார். “ரெண்டு பேரும்” என்றாளாம். ஒருவரைச் சொல்லும்மா என்றதற்குத் தண்ணீர் கேட்டாளாம். கவுன்சிலர் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளையை இப்படி இழுக்காதீர்கள், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்றார். அவர் மதுரை என்றார். அங்கே அவருடைய அக்கா வீடு இருக்கிறது, பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். கவுன்சிலர் தலையாட்டுவதைப் பார்க்க எனக்குப் பகீரென்றது. சாத்தூரில் ஹாஸ்டலோடு ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது போர்டு பார்த்திருக்கிறேன், அது இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்குமே என்று சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 27, வியாழன்

அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே தூரம், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கு, இரண்டு ஞாயிறு எனக்கு, லீவில் பாதிப் பாதி. இதைவிட நியாயம் வேறு என்ன இருக்கிறது? ஜட்ஜே பாராட்டினார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கொண்டுவந்த யோசனை, நானும் சரியென்று சொல்லிவிட்டேன் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “படிச்சுப் படிச்சு ரெண்டு பேருக்கும் கூறு கெட்டுப் போச்சாட்டி? தாயும் உயிரோட இருக்கா, தகப்பனும் உயிரோட இருக்கான், பிள்ளைய எதுக்கு ஹாஸ்டல்ல போடுதிய?” என்று கேட்டார். அண்ணனுக்கு என்ன தெரியும். மதுரைக்குப் போயிருந்தால் அவள் எனக்கு விருந்தாளி மாதிரி ஆகியிருப்பாள்.

ஜூன் 11, ஞாயிறு

சுடரை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். டிரங்குப் பெட்டி, வாளி, மக்கு, இரண்டு போர்வை. பெயர் எழுதி ஒட்டச் சொன்னார்கள். சுடர்மதி என்று எழுதிவிட்டு இனிஷியல் போடும்போது ஒரு நிமிஷம் பேனா நின்றது, பிறகு ‘சோ’ என்றே எழுதினேன். அவரும் வந்திருந்தார். பாய் வாங்கி வந்திருந்தார். நானும் பாய் வாங்கியிருந்தேன். ஒன்று போதும் என்றார் வார்டன் ஞானசெல்வி. யாருடைய பாயை வைப்பது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வார்டன் இரண்டையும் திருப்பித் தந்துவிட்டு ஹாஸ்டல் பாயையே எடுத்துப்போட்டார்.

சுடர் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“இது உன் பக்கமாம்மா, அப்பா பக்கமா?”

ரெண்டு பேருக்கும் நடுவில் என்றேன்.

“நடுவுல யாரு இருக்கா?”

வார்டன் மேடம் இருக்கிறார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். சரி என்று தலையாட்டினாள். கேட் வரைக்கும் வந்தாள், அழவில்லை. நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்து துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

ஹாஸ்டல் போனில் பத்து நிமிஷம் தருகிறார்கள். பாதி நேரம் ஆனதும் அவளே, “நேரம் ஆயிட்டும்மா, இனி அப்பாவுக்கு” என்றாள்.

ஜூலை 12, புதன்

நேற்று மதியம் வார்டனிடமிருந்து போன். சுடருக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, உடம்பு தூக்கிப்போடுகிறது என்றார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பதற்றத்தில் பைபாஸ் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஊருக்கு வெளியே விலக்கு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்தப் பக்கத்திலிருந்து அவர் இன்னொரு ஆட்டோவில் வந்து இறங்குகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சரிபாதி தூரம் அல்லவா, சரியாக ஒரே நேரம்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊசி போட்டு, ஈரத்துணி போட்டுக் காய்ச்சலை இறக்கியிருந்தார்கள். சுடர் வார்டனின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் கையை விடுவிக்கப் பார்த்தேன், பிடியை விடவில்லை. இருக்கட்டும்மா, முழிச்சுக்கிடுவா என்றார் வார்டன். நானும் சுடரின் அப்பாவும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றோம்.

யாராவது ஒருவருடைய ஊரில் இருந்திருந்தால் அந்த ஒருவராவது கூட இருந்திருக்கலாம். இப்படி ஒரு எண்ணம் வந்தது. உடனே, அந்த ஊர் பாளையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் வந்தது.

ஜூலை 23, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்துக் காப்பி மட்டும் போட்டேன். சுடர் போனில் நன்றாகத்தான் பேசினாள். ‘அங்கிட்டு’ம் இல்லை, ‘அங்கன’யும் இல்லை. ‘அந்த இடத்துல’ என்று பாடப்புத்தகம் மாதிரி பேசுகிறாள். யாரும் திருத்த வேண்டாம் அல்லவா.

ஆகஸ்ட் 17, வியாழன்

மூன்றாம் ஆண்டுக்குப் பெட்டிக்குள் அடைபட்ட துகள் நடத்தினேன். வருஷா வருஷம் நடத்துவதுதான். இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். துகள் இரண்டையும் தாண்டி வெளியே போக முடியாது. உள்ளே எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு இடத்தையும் அந்த இடத்துக்கான வாய்ப்பால் பெருக்கி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கூட்டினால் சராசரி இடம் வரும். அதற்குத் தமிழில் எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். கணக்கைப் போர்டு முழுக்கப் போட்டு முடித்தால் விடை சரிபாதி, நட்டநடு. முதல் நிலைக்கும் அதே விடை. இரண்டாம் நிலைக்கும் அதே விடை.

பிறகு இரண்டாம் நிலையின் வாய்ப்புப் படத்தைப் போட்டேன். இடது பக்கம் ஒரு மேடு, வலது பக்கம் ஒரு மேடு, நடுவில் சுழியம். பின் பெஞ்சிலிருந்து மாரீஸ்வரி எழுந்தாள். அவள் சாதாரணமாக வாயைத் திறக்கமாட்டாள்.

“மிஸ், கணக்குப்படி அது நடுவுலதான் இருக்கு. ஆனா நடுவுல போயித் தேடினா கிடைக்கவே கிடைக்காதுல்லா?”

ஆமாம், அங்கே இருக்க வாய்ப்பே இல்லை என்றேன். சராசரி என்பது ஒரு எண், அது ஒரு இடம் இல்லை, இந்தப் பாதியில் பாதி நேரம் அந்தப் பாதியில் பாதி நேரம் என்பதைக் கூட்டி வகுத்தால் நடு வருகிறது, அவ்வளவுதான் என்று எப்போதும் சொல்கிறபடி சொன்னேன்.

“அப்பம் எதுக்கு மிஸ் எதிர்பார்ப்புன்னு பேரு வச்சிருக்காவ? அங்கன போயி எதிர்பாத்து நின்னா ஏமாந்துல்லா போவோம்.”

வகுப்பே சிரித்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு, உட்கார், பரீட்சைக்கு இதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று கத்திவிட்டேன். பிள்ளை முகம் செத்துப்போய்விட்டது. தலைவலி என்று சொல்லி ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். தலைவலிதான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அவருக்கு நானே போன் செய்தேன். ஹாஸ்டல் சரிப்படவில்லை என்று நினைக்கிறேன் என்றேன். எனக்கும் அப்படித்தான் படுகிறது என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் வருஷ நடுவில் பாளையில் சீட் கிடைக்குமா விசாரிக்கட்டுமா என்றேன். “மதுரையில நான் விசாரிச்சு வச்சிருக்கேங்க” என்றார். மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வைத்துவிட்டோம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். மாரீஸ்வரி ஒரு பேனா கொடுத்தாள். அன்றைக்குக் கத்தினதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல நினைத்தேன். நன்றாக எழுதுகிறது என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

காலாண்டுப் பரீட்சை புதன்கிழமை முடிகிறது. லீவு விடுகிறார்கள். போனில் சுடர், “முதப் பாதி யாருக்கும்மா?” என்று கேட்டாள். யாரிடம் போக உனக்கு ஆசை என்று கேட்டேன். “நீங்களே ரெண்டு பேரும் பேசிக்கோங்க, நான் பெட்டிய மட்டும் கட்டி வச்சிருதேன்” என்றாள். பதினோரு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? லீவு என்றால் குதிக்க வேண்டாமா? அந்தக் குரலில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை.

சாயங்காலம் முழுக்க யோசித்தேன். அவளை நடுவில் கொண்டுபோய் வைத்தது நான்தான். கவுன்சிலர் முன்னால் சாத்தூர் என்று சொன்ன வாய் என் வாய்தான். அவர் விட்டுக்கொடுப்பார் என்று நான் காத்திருந்தால், நான் விட்டுக்கொடுப்பேன் என்று அவர் காத்திருப்பார். அதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள். மதுரைக்கே போகட்டும். அங்கே அத்தை இருக்கிறாள், விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தினமும் ராத்திரி யாராவது ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். புதன்கிழமை அவரும் ஹாஸ்டலுக்கு வருவார், அங்கே வைத்து அவரிடம் சொல்லிவிடப் போகிறேன்.

செப்டம்பர் 27, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் போனபோது அவர் விசிட்டர் ரூமில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு நீள பெஞ்சு. அவர் அந்த ஓரத்தில், நான் இந்த ஓரத்தில். பரீட்சை முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வருவாள் என்று வார்டன் சொல்லிவிட்டுப் போனார். சுடரின் அப்பா இளைத்திருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் சொன்னார்.

“உலகு, நீயே வச்சுக்கோ.”

எனக்குக் காதில் விழுந்தது முதலில் ‘உலகு’தான், அப்புறம் ‘நீ’. இரண்டரை வருஷம் ஆகியிருக்கும் அதைக் கேட்டு. அவர் என்ன சொல்கிறார் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. காய்ச்சலில் சுடர் அம்மா அம்மா என்றுதான் முனகினாளாம், வார்டன் போன வாரம்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

“வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்” என்றேன்.

“இல்ல உலகு. இனிமே என்னால முடியாது. நீ கூட்டிட்டுப் போயிரு.”

“என்னாலயும் முடியலங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

பிள்ளை இங்கே கிடப்பதைப் பார்க்க முடியாது என்றுதான் அவர் சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்படியே புரிந்தது. என் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

சுடர் பெட்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பெட்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

“அப்பம் நான் எங்கயும் போக வேண்டாம், அப்படித்தானே?”

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். அப்படி இல்லடா தங்கம், அப்பாகூட வா என்று அவர். இல்லை, அம்மாகூட வா என்று நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒன்றுமே தெளிவாகக் கேட்டிருக்காது. அவள் முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இவ்வளவு நாள் எனக்குத்தான் எனக்குத்தான்னு சண்டை போட்டீங்க. அப்ப கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் கட்டிப்பிடித்தேன். மரம் மாதிரி நின்றாள். அவர் தலையைத் தடவினார். அதற்கும் நின்றாள். என்னவெல்லாமோ சொன்னோம். விட்டுக்கொடுத்தது வேண்டாம் என்பதால் இல்லை, வேண்டும் என்பதால்தான் என்று பெரிய மனிதர்களுக்கே விளங்காததைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? அவள் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு வார்டனைக் கூப்பிட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன ஆட்களின் பிள்ளைகள் இரண்டு பேர் லீவுக்கு இங்கேயே இருக்கிறார்களாம். தானும் அவர்களோடு இருந்துகொள்வதாகச் சொன்னாள். வார்டன் எங்களைப் பார்த்தார். லீவு பாதிப் பாதி என்ற கோர்ட் உத்தரவு என் கைப்பைக்குள் இருந்தது, அவர் பைக்குள்ளும் இருந்திருக்கும். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். மதுரை பஸ் முதலில் வந்தது. ஏறும்போது ஏதோ சொல்ல வந்தார், கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

செப்டம்பர் 29, வெள்ளி

விடைத்தாள் திருத்தினேன். அந்தத் துகள் கணக்கு வந்திருந்தது. எல்லாரும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு அடித்தது.

சாப்பிட்டாயா என்றேன். பூரி என்றாள். திருப்பூர் பிள்ளைகளோடு தாயம் விளையாடுகிறார்களாம். பிறகு நான் சொன்னேன், உன்னை வேண்டாம் என்று அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை, நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும் என்றுதான் அப்படிச் சொன்னேன், இப்போதே வா என்றாலும் வந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்று. குரல் உடையாமல்தான் சொன்னேன்.

பின்னால் பிள்ளைகள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“அப்பாவும் இப்பதான் இதையே சொன்னாங்கம்மா. ஒரு வார்த்தை மாறாம. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?”

இல்லடி என்றேன். என் பிள்ளைக்கு நான் மட்டும் சொல்லக்கூடியது என்று ஒன்றுமே எனக்கு அகப்படவில்லை.

“சரிம்மா. எனக்கு ஆட்டம் வந்துட்டு. வச்சிரட்டா?”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளாகவே வைத்துவிட்டாள்.